கொல்கத்தாப் புழுக்கமும் நமது ஆசாரமும்

(நமது சங்கத்தின் மூத்த உறுப்பினர்கள் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



"கொல்கத்தாவின் கோடையில் சுகமாகவும் சுத்தமாகவும் இருப்பது எப்படி என்று அரை மணி நேரம் பேசுங்கள்" என்று செயலாளர் கேட்டுக்கொண்டார். நான் டாக்டர் அல்ல. பௌதிகத்தில் பி.எஸ்ஸி. படித்துவிட்டு, மத்திய சர்க்கார் உத்தியோகத்தில் நாக்பூர், தில்லி, கொல்கத்தா என்று மாறி மாறி இருந்தவன். ஆகையால் வைத்தியம் சம்பந்தமாகப் பொதுவாக எல்லா டாக்டர்களும் ஒப்புக்கொள்வதை மட்டும் சொல்கிறேன். உங்கள் மாத்திரைகளைப் பற்றிய முடிவை உங்கள் டாக்டரிடமே விட்டுவிடுங்கள்.

வியர்வை செய்யும் வேலை

நாக்பூரில் 44 டிகிரியை அநாயாசமாகத் தாங்கியவர், கொல்கத்தாவில் 35 டிகிரிக்கே "உயிர் போகிறதே" என்கிறார். இது மனப்பிரமை இல்லை. காரணம் இருக்கிறது.

சும்மா உட்கார்ந்திருக்கும் மனித உடம்பு, ஏறக்குறைய ஒரு 100 வாட் பல்பு அளவுக்குச் சூட்டை உண்டாக்குகிறது. அந்தச் சூடு வெளியே போயாக வேண்டும். சுற்றியிருக்கும் காற்று நம் தோலைவிடக் குளிர்ச்சியாக இருந்தால் தானாகப் போய்விடும். நம் தோலின் உஷ்ணம் சுமார் 35 டிகிரி. காற்றும் 35 டிகிரி ஆகிவிட்டால் சூடு வெளியேற இருப்பது ஒரே வழிதான்: வியர்வை ஆவியாக வேண்டும். ஒரு கிராம் வியர்வை ஆவியானால் சுமார் 580 கலோரி சூட்டை எடுத்துக்கொண்டு போகிறது. கணக்குப் போட்டால், உட்கார்ந்திருப்பவருக்கே மணிக்குச் சுமார் 150 மில்லி வியர்வை ஆவியாக வேண்டும். "ஆவியாக" என்பதை அடிக்கோடிட்டுக்கொள்ளுங்கள். சொட்டிக் கீழே விழும் வியர்வையாலும், துடைத்து எறியும் வியர்வையாலும் பிரயோஜனம் ஒன்றும் இல்லை.

இனி தில்லியையும் கொல்கத்தாவையும் ஒப்பிடலாம். 35 டிகிரியில் ஈரமான தோலின் மேல் நீராவியின் அழுத்தம் 42 மில்லிமீட்டர் பாதரசம். மே மாதத்து தில்லியில் 42 டிகிரி, ஈரப்பதம் 15 சதவிகிதம் என்று வைத்துக்கொண்டால், காற்றில் உள்ள நீராவியின் அழுத்தம் சுமார் 9 மில்லிமீட்டர்தான். வித்தியாசம் 33. கொல்கத்தாவில் 35 டிகிரி, ஈரப்பதம் 65 சதவிகிதம் என்றால், காற்றில் ஏற்கெனவே 27 மில்லிமீட்டர் இருக்கிறது. வித்தியாசம் 15. அதாவது வியர்வையை உலர்த்தும் சக்தி இங்கே தில்லியில் பாதிகூட இல்லை. குளிர்ந்த தண்ணீர் ஊற்றிய டம்ளர் இரண்டு நிமிஷத்தில் வெளியே முத்து முத்தாக வேர்ப்பதைப் பார்க்கிறோமே, அதுவும் இதே காரணத்தால்தான்.

ஆகவே புழுக்கமான ஊரில் நமக்கு எதிரி வெயிலைவிட ஈரம்தான். உடம்பானாலும், துணியானாலும், வீடானாலும் "இது சீக்கிரம் உலருமா?" என்று ஒரு கேள்வி கேட்டுக்கொண்டால் போதும். சுகம், சுத்தம், பாதுகாப்பு மூன்றுக்கும் விடை அதிலேயே கிடைத்துவிடும்.

காற்று

ஃபேன் காற்றைக் குளிர வைப்பதில்லை. தோலை ஒட்டி நிற்கும் ஈரக் காற்றை விலக்கி வேறு காற்றைக் கொண்டுவருகிறது. அதனால் வியர்வை உலருகிறது. ஆளில்லாத அறையில் ஓடும் ஃபேனால் கரண்ட் பில்தான் ஏறும்.

ஃபேனுக்கும் ஓர் எல்லை உண்டு. 40 டிகிரிக்கு மேல் போனால் ஃபேன் காற்றே உடம்பைச் சூடாக்கும் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. கொல்கத்தாவில் அப்படிப்பட்ட நாட்கள் குறைவு. ஆனால் இல்லாமல் இல்லை. 2024 ஏப்ரல் 30 அன்று அலிப்பூரில் 43 டிகிரி பதிவானது நினைவிருக்கும். அந்த மாதிரி நாட்களில் ஜன்னலைச் சாத்தி, திரையை இழுத்துவிட்டு, உடம்பை அடிக்கடி ஈரத் துணியால் துடைத்துக்கொள்வதே சரி.

வயதானவர்களுக்கு ஒரு விசேஷக் குறிப்பு. அறுபது, எழுபதுக்கு மேல் வியர்வைச் சுரப்பிகள் முன்போல வேலை செய்வதில்லை. "எனக்கு வேர்ப்பதே இல்லை, எனக்கு ஒன்றும் இல்லை" என்று பெருமைப்படும் மாமாக்கள் இருக்கிறார்கள். வேர்க்காததுதான் அபாயம். அவர்கள் கை, கழுத்து, முதுகு ஆகியவற்றை ஈரத் துண்டால் நனைத்துக்கொண்டு ஃபேன் அடியில் உட்கார வேண்டும். உடம்பு செய்யாத வேலையை ஒரு டம்ளர் தண்ணீர் செய்துவிடும்.

தில்லியிலிருந்தோ நாக்பூரிலிருந்தோ மாற்றலாகி வருபவர்கள் கூலரையும் லாரியில் ஏற்றிக்கொண்டு வருகிறார்கள். அங்கே அது அமிர்தம். இங்கே அது அறையில் இன்னும் ஈரத்தைக் கூட்டும். தயவுசெய்து விற்றுவிட்டு வாருங்கள்.

ஏ.சி. விஷயத்தில் நம்மவர்களிடம் இரண்டு கட்சி உண்டு. 18 டிகிரியில் வைத்துக் கம்பளி போர்த்திக்கொள்பவர்கள் ஒரு கட்சி. "மூட்டு வலி வரும்" என்று தொடாதவர்கள் இன்னொரு கட்சி. 2020 ஜனவரி முதல், நட்சத்திரக் குறியீடு உள்ள ஏ.சி.க்கள் 24 டிகிரியில் தொடங்கும்படி அமைக்கப்பட வேண்டும் என்று விதி வந்திருக்கிறது. வயதானவர்களுக்கு 26, 27 போதும். கூடவே மெதுவாக ஒரு ஃபேன். ஏ.சி. செய்யும் பெரிய உபகாரம் காற்றிலிருந்து தண்ணீரைப் பிழிந்து எடுப்பதுதான். வெளியே குழாயில் சொட்டுவது அந்தத் தண்ணீர்தான். ஆடி, ஆவணி மழைக்காலத்தில் ரிமோட்டில் 'டிரை' என்ற பொத்தானை அழுத்திப் பாருங்கள். அதிகக் குளிர் இல்லாமல் புழுக்கம் மட்டும் குறையும்.

பழைய கொல்கத்தா வீடுகளில் உயரமான கூரையும், 'கட்கடி' என்று வங்காளிகள் சொல்லும் பச்சை மரச்சட்ட ஜன்னல்களும் இருக்கும். சட்டங்களைச் சாய்த்து வைத்தால் வெயில் உள்ளே வராது, காற்று வரும். நாம் குடியிருக்கும் ஃபிளாட்டுகளில் அந்த வசதி இல்லை. ஆனால் பீரோவை ஜன்னலுக்கு எதிரே நிறுத்திக் காற்றை அடைப்பதையாவது தவிர்க்கலாமே!

துணி

நம் ஊர் ஈரிழைத் துண்டும், வங்காளிகளின் கம்சாவும் உடன்பிறப்புகள். இரண்டும் மெல்லியவை; பிழிந்து உதறிப் போட்டால் சீக்கிரம் காய்ந்துவிடும். துருக்கித் துண்டு பார்க்க அழகாக இருக்கும். மழைக்காலத்தில் மறுநாள் வரை ஈரமாகவே தொங்கும். அந்த ஈரத்தில் கிருமிகள் பெருகும். அதே துண்டால் குளித்த உடம்பைத் துடைத்தால் குளித்ததன் பலன் போய்விடும். வீட்டில் ஆளுக்கொரு துண்டு தனியாக இருக்க வேண்டும்.

படுக்கையும் அப்படியே. ஃபோம் மெத்தை முதுகின் சூட்டை வெளியே விடாது. கோரைப்பாயை மெத்தைமேல் விரித்துப் படுத்துப் பாருங்கள். கூச்பிஹார் பக்கத்தில் பின்னும் சீதள்பாட்டி கிடைத்தால் இன்னும் விசேஷம்.

மடியைப் பற்றி ஒரு வார்த்தை. முன்னோர்கள் செய்தது எல்லாமே விஞ்ஞானம் என்று நான் சொல்லப்போவதில்லை. ஆனால் மடி வஸ்திரத்துக்கு உள்ள விதிகளைப் பாருங்கள். தினம் நனைத்துப் பிழிய வேண்டும், உயரக் கொடியில் விரித்துப் போட வேண்டும், பிறர் தொடக் கூடாது, நன்றாக உலர்ந்த பிறகு உடுத்த வேண்டும். தோல் டாக்டர் எழுதித் தந்தது போல இருக்கிறது. ஃபிளாட்டுக்கு வந்த பிறகு என்ன ஆயிற்று? கொடி பாத்ரூமுக்குள் போய்விட்டது. காலையில் பாதி ஈரமாக இருக்கும் புடவையையும் வேஷ்டியையும் "மடிதானே" என்று சுற்றிக்கொள்கிறோம். ஈரத் துணி இடுப்பிலும் தொடையிடுக்கிலும் படர்தாமரைக்குப் போடும் உரம். மடிக்கொடியை ஹாலில் ஃபேன் அடியில் இரவு மட்டும் கட்டுங்கள். விருந்தாளி வந்தால் அவிழ்த்துவிடலாம்.

குளியலும் தோலும்

புது வியர்வைக்கு அநேகமாக நாற்றம் கிடையாது. தோலில் உள்ள பாக்டீரியாக்கள் அதைச் சிதைக்கும்போதுதான் நாற்றம் வருகிறது. ஆகவே செண்ட் அடிப்பதைவிட, வியர்த்த துணியை உடனே மாற்றுவது உத்தமம். நாளைக்கு இரண்டு முறை குளியுங்கள். ஆனால் இரண்டு முறையும் உடம்பு முழுக்க சோப்பு தேவையில்லை. வயதானவர்களின் தோல் வறண்டு அரிக்கும். அக்குள், தொடையிடுக்கு, பாதம் ஆகிய இடங்களுக்கு மட்டும் போதும். குளிப்பதைவிட முக்கியம் துவட்டுவது. கால் விரல் இடுக்கு, மார்புக்குக் கீழே, வயிற்று மடிப்பு, இவைகளைத் துவட்டிவிட்டு, ஃபேன் அடியில் இரண்டு நிமிஷம் நின்ற பிறகு உடுத்துங்கள்.

மெட்டி போட்டிருக்கும் மாமிகள் அந்த விரலிடுக்கைத் தனியாகக் கவனிக்க வேண்டும். சேற்றுப்புண் அங்கேதான் ஆரம்பிக்கும். அதேபோல மாமாக்கள் பூணூலைக் கவனிக்க வேண்டும். பருத்தி நூல் வியர்வையை உறிஞ்சி வைத்துக்கொள்ளும். ஆவணி அவிட்டத்துக்கு ஆவணி அவிட்டம் மாற்றினால் போதும் என்று இருந்துவிடாமல், குளிக்கும்போது அதற்கும் சோப்புப் போட்டு அலசுங்கள். நைந்தால், கறுத்தால் மந்திரம் சொல்லி மாற்றிக்கொள்ள எந்த சாஸ்திரமும் தடை சொல்லவில்லை.

வேர்க்குருவுக்குப் பவுடரை அப்பிக்கொள்வது வழக்கம். ஈரத் தோலில் அது பசையாகி இன்னும் அடைக்கும். குளிர்ந்த தண்ணீர், காற்று, தளர்ந்த பருத்தித் துணி, இவைதான் மருந்து. படர்தாமரை விஷயத்தில் ஓர் எச்சரிக்கை. மருந்துக் கடையில் கேட்டு வாங்கும் களிம்புகள் பலவற்றில் ஸ்டீராய்டு கலந்திருக்கிறது. முதல் வாரம் அரிப்பு நின்று அற்புதமாக இருக்கும். பிறகு இரட்டிப்பாகப் பரவும். சாதாரண மருந்துக்கு அடங்காத படர்தாமரை நம் நாட்டில் இவ்வளவு பெருகியதற்கு இது ஒரு முக்கியக் காரணம் என்று தோல் டாக்டர்கள் சொல்கிறார்கள். சீட்டு இல்லாமல் எந்தக் களிம்பும் வாங்காதீர்கள்.

தண்ணீரும் விரதமும்

இனி சொல்லப்போவதைச் சொல்லத்தான் நான் இன்று வந்தேன்.

வயதாக ஆகத் தாகம் எடுப்பது குறைகிறது. உடம்பில் தண்ணீர் வற்றிய பிறகும் தாகம் தெரியாது. ராத்திரி எழுந்திருக்க வேண்டுமே என்று சாயங்காலத்திலிருந்தே தண்ணீரைக் குறைப்பவர்கள் பலர். போதாததற்கு, ரத்த அழுத்தத்துக்கு நீர் பிரிய வைக்கும் மாத்திரை. இவ்வளவுக்கும் மேல் ஏகாதசி, சங்கடஹர சதுர்த்தி, அமாவாசை. தண்ணீரே குடிக்காமல் இருக்கும் நிர்ஜல ஏகாதசி எப்போது வருகிறது? மே, ஜூனில், மழைக்கு முந்தைய உச்சப் புழுக்கத்தில்.

ச்ராத்த தினத்தை எடுத்துக்கொள்வோம். எனக்குத் தெரிந்த ஒரு குடும்பம், ஜூன் மாதம், மாமியாருக்கு ச்ராத்தம். சமைத்த மாமிக்கு 71 வயது. விடியற்காலையில் ஸ்நானம் செய்து, மடிசாராகப் பட்டுப் புடவை கட்டிக்கொண்டு அடுப்படிக்குப் போனவர், பிராமணர்கள் சாப்பிட்டு எழுந்திருக்கும்வரை ஒரு வாய்த் தண்ணீர் குடிக்கவில்லை. கேஸ் அடுப்பு அணையும் என்று ஃபேன் கிடையாது. வாசனை வெளியே போகக் கூடாது என்று ஜன்னலும் சாத்தியிருந்தது. காலையில் வழக்கமான பி.பி. மாத்திரையை மட்டும் நாக்கில் போட்டு விழுங்கியிருக்கிறார். பகல் ஒன்றேகாலுக்கு, வடை தட்டிக்கொண்டிருந்தவர் சரிந்து விழுந்தார். நல்லவேளையாக எண்ணெய்ச் சட்டி பக்கம் விழவில்லை. பத்து நாள் ஆஸ்பத்திரி. இப்போது நடமாடுகிறார், ஆனால் பழைய மாமி இல்லை.

அந்தச் சமையலறையைப் பௌதிகக் கண்ணோடு பாருங்கள். ஒரு கிலோ கேஸ் எரிந்தால் ஒன்றரைக் கிலோவுக்கும் மேல் தண்ணீர் ஆவியாக வெளிவருகிறது. சாதம், பருப்பு கொதிக்கும் ஆவி வேறு. ஜன்னல் சாத்திய அறையில், பட்டுப் புடவைக்குள், வியர்வை உலர ஏது வழி? திடகாத்திரமான இளைஞர்களை வைத்து அமெரிக்காவில் பென்சில்வேனியா மாநிலப் பல்கலைக்கழகத்தில் செய்து 2022-இல் வெளிவந்த ஆராய்ச்சியில், ஈரக்குமிழ் வெப்பமானி 31 டிகிரி காட்டும் அளவிலேயே உடம்பு தன் சூட்டைக் கட்டுப்படுத்த முடியாமல் போகத் தொடங்கியது. வெளியே 35 டிகிரியும் 65 சதவிகித ஈரப்பதமும் இருந்தாலே ஈரக்குமிழ் 29-ஐ நெருங்கிவிடும். அடுப்படியில் என்ன இருக்கும் என்று நீங்களே ஊகித்துக்கொள்ளுங்கள்.

"ஆசாரத்தை விடச் சொல்கிறாரா?" என்று கேட்காதீர்கள். ஆசாரத்தை முழுசாகப் படியுங்கள் என்கிறேன். விரதத்தைக் கெடுக்காதவை என்று தர்ம சாஸ்திர நூல்கள் எட்டைச் சொல்கின்றன. அந்தப் பட்டியலில் தண்ணீர் இருக்கிறது, பழம் இருக்கிறது, பால் இருக்கிறது, மருந்தும் இருக்கிறது, குருவின் வாக்கும் இருக்கிறது. பாலர், விருத்தர், நோயாளிகள் ஆகியோருக்கு விரதங்களில் தளர்வு உண்டு என்பதும் எல்லா வாத்தியார்களுக்கும் தெரிந்ததே. சந்தேகம் இருந்தால் ச்ராத்தத்துக்கு ஒரு வாரம் முன்பே உங்கள் வாத்தியாரைக் கேட்டுவிடுங்கள். அவர் "குடிக்கலாம்" என்று சொன்னால், மாமிகள் அதைக் கேட்டு நடக்க வேண்டும். பித்ருக்கள் திருப்தி அடைய வேண்டும் என்றுதான் ச்ராத்தம் செய்கிறோம். மருமகள் மயங்கி விழுவதில் எந்த மாமியாருக்குத் திருப்தி இருக்க முடியும்?

அடுப்படிக்குச் சில யோசனைகள். எக்ஸாஸ்ட் ஃபேன் கட்டாயம் ஓட வேண்டும். டேபிள் ஃபேனைக் கதவருகே தரையில் வைத்து, காலிலும் முதுகிலும் படும்படி திருப்பினால் அடுப்பு அணையாது. பட்டுக்குப் பதில் உலர்ந்த பருத்தி மடிப் புடவை கட்டிக்கொள்ளலாம். பாயசம், பருப்பு போன்றவற்றை இண்டக்‌ஷன் அடுப்பில் வைத்தால் அறைச் சூடு குறையும். ஒருவரே நாலு மணி நேரம் நிற்காமல் இரண்டு பேர் முறைவைத்துச் சமையுங்கள். ஆண்களும் தேங்காய் துருவலாம், தப்பில்லை.

மற்ற நாட்களில் மணிக்கு ஒரு முறையாவது அரை டம்ளர் தண்ணீர் அல்லது நீர்மோர். வங்காளிகள் செய்யும் சுட்ட மாங்காய்ச் சர்பத்தும் நல்லது. சர்க்கரை வியாதிக்காரர்கள் இனிப்பில்லாமல் குடிக்கலாம். சிறுநீர் அடர் மஞ்சளாக இருந்தால் தண்ணீர் போதவில்லை என்று அர்த்தம். இருதயம், சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் எவ்வளவு குடிக்கலாம் என்பதையும், கோடையில் நீர் மாத்திரையின் அளவை மாற்ற வேண்டுமா என்பதையும் டாக்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

அபாய அறிகுறிகள்

தலைவலி, கிறுகிறுப்பு, வாந்தி வரும் உணர்வு, காலில் பிடிப்பு, இவை முதல் எச்சரிக்கை. வேலையை நிறுத்தி, துணியைத் தளர்த்தி, ஃபேன் அடியில் படுக்க வைத்துத் தண்ணீர் கொடுங்கள். பேச்சு குழறினாலோ, ஆளை அடையாளம் தெரியாமல் பேசினாலோ, உடம்பு அனலாகக் கொதித்தாலோ அது வெப்ப மயக்கத்தின் உச்சம். "வயசாச்சு, உளறுகிறார்" என்று விட்டுவிடாதீர்கள். ஒரு நிமிஷம்கூடத் தாமதிக்காமல் உடம்பு முழுவதும் தண்ணீர் ஊற்றி விசிறியபடியே ஆஸ்பத்திரிக்கு ஏற்பாடு செய்யுங்கள். நினைவில்லாதவருக்கு வாயில் தண்ணீர் ஊற்றக் கூடாது.

மூன்று வேண்டுகோள்கள்

நமது உறுப்பினர்களில் எத்தனையோ வீடுகளில் பிள்ளைகள் பெங்களூரிலும் அமெரிக்காவிலும் இருக்கிறார்கள்; இங்கே மாமாவும் மாமியும் மட்டும், அல்லது இருவரில் ஒருவர் மட்டும். ஆகவே சங்கத்துக்கு மூன்று வேண்டுகோள்கள்.

முதலாவது, ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை, தனியாக இருக்கும் மூத்தவர்களுக்குத் தினம் பகல் பதினொரு மணிக்கும் நாலு மணிக்கும் ஃபோன் செய்ய இளைஞர்கள் பெயர் கொடுக்க வேண்டும். "தண்ணீர் குடித்தீர்களா, ஃபேன் ஓடுகிறதா" என்று இரண்டே கேள்வி. எடுக்காவிட்டால் நேரில் போய்ப் பார்க்க வேண்டும்.

இரண்டாவது, ஆவணி அவிட்டத்தன்று இந்த ஹாலில் ஹோமப் புகையோடு கூட்டம் நெரிகிறது. மூத்தவர்களை ஜன்னல் ஓரம் முதல் வரிசையில் உட்கார வைத்து முதல் கோஷ்டியிலேயே முடித்து அனுப்ப வேண்டும்.

மூன்றாவது, ச்ராத்தத்துக்குச் சமைக்க முடியாத மாமிகளுக்கு உதவ, முறைப்படி சமைக்கத் தெரிந்தவர்களின் பட்டியல் ஒன்றைச் சங்கம் தயாரித்து வைத்திருக்க வேண்டும்.

இதற்கெல்லாம் பெரிய செலவில்லை. மூன்றும் இந்தக் கோடையிலேயே தொடங்கக் கூடியவை. கூட்டம் முடிந்ததும் ஃபோன் செய்யும் பணிக்குப் பெயர் கொடுக்க விரும்பும் இளைஞர்கள் வாசலில் உள்ள நோட்டுப் புத்தகத்தில் எழுதிவிட்டுப் போகலாம். என் பெயரை நான் முதலிலேயே எழுதிவிட்டேன். ஃபோன் பண்ண வயது ஒரு தடையில்லையே!

வெளியே நீர்மோர் வைத்திருக்கிறார்கள். எல்லோரும் ஒரு டம்ளர் குடித்துவிட்டுத்தான் கிளம்ப வேண்டும்.